கிரிஸ்டல் பேலஸ்: விளையாட்டு வரலாறு

கிரிஸ்டல் பேலஸ் என்பது தென்கிழக்கு லண்டனின் சிடனம் குன்றில் நின்ற கண்ணாடி மாளிகையையும் அதைச் சூழ்ந்த பூங்காவையும் குறிக்கும். 1851ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் ஹைட் பூங்காவில் எழுப்பிய இம்மாளிகை, பின்னர் பிரித்தெடுக்கப்பட்டுச் சிடனத்தில் இன்னும் பெரிதாகக் கட்டப்பட்டு 1854இல் திறக்கப்பட்டது. கச்சேரிகளுக்கும் வாணவேடிக்கைக்கும் பேர்பெற்ற இவ்விடம், இங்கிலாந்தின் முதன்மையான விளையாட்டுக் களங்களுள் ஒன்றாகவும் விளங்கியது.

கால்பந்து

பாக்ஸ்டன் அமைத்த இரு பெரும் நீரூற்றுகளைப் பராமரிக்கச் செலவு கட்டுப்படியாகவில்லை. அவற்றின் தொட்டிகள் தூர்க்கப்பட்டு, தெற்குத் தொட்டி கால்பந்துத் திடலானது. சுற்றிலும் இருந்த சரிவுகளில் ரசிகர்கள் நின்று ஆட்டம் பார்த்தனர். 1895 முதல் 1914 வரை எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகள் இங்கேயே நடந்தன.

1901 இறுதிப் போட்டிக்கு 1.1 லட்சம் பேர் திரண்டனர். டாட்டன்ஹாம் அணி முன்னிலையில் இருந்தபோது, அதன் கோல்காப்பாளர் பந்தை நழுவவிட்டார். பந்து கோட்டைத் தாண்டியதாகக் கூறி நடுவர் ஷெஃபீல்டு யுனைட்டெடுக்குக் கோல் வழங்கினார். பந்து கோட்டைத் தாண்டவில்லை என்பதை அன்று எடுத்த சலனப்படம் காட்டியது. ஆட்டம் 2–2 எனச் சமனில் முடிந்தது. போல்டனில் நடந்த மறுஆட்டத்தில் டாட்டன்ஹாம் 3–1 என வென்றது. 1913இல் ஆஸ்டன் வில்லா சண்டர்லாந்தை வென்ற இறுதிப் போட்டியை 1.2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

1905இல் தொடங்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் கால்பந்துக் கழகத்துக்கும் இதுவே முதல் தாயகம். முதல் உலகப்போரில் கடற்படை பூங்காவைக் கையகப்படுத்தியதால், கழகம் 1915இல் வெளியேறியது.

பிற விளையாட்டுகள்

டபிள்யூ. ஜி. கிரேஸ் தலைமையில் லண்டன் கவுண்டி கிரிக்கெட் கழகம் இங்கு ஆடியது. 1900 முதல் 1904 வரை அதற்கு முதல்தர அணி என்ற தகுதி இருந்தது. 1905 டிசம்பரில் நியூசிலாந்து ரக்பி அணி இங்கிலாந்தை 15–0 என வீழ்த்தியது. 1911ஆம் ஆண்டின் பேரரசு விழாவையொட்டித் தடகளம், குத்துச்சண்டை, மல்யுத்தம், நீச்சல் போட்டிகள் நடந்தன. இவை இன்றைய காமன்வெல்த் விளையாட்டுகளின் முன்னோடியாகக் கருதப்படுகின்றன.

1927இல் பூங்காப் பாதைகளில் மோட்டார்சைக்கிள் பந்தயம் தொடங்கியது.

தீ விபத்துக்குப் பின்

1936 நவம்பர் 30 இரவு மாளிகை எரிந்து அழிந்தது. ஆனால் பூங்காவில் விளையாட்டு நிற்கவில்லை. 1937இல் தார்ச்சாலை ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சயாம் இளவரசர் பீரா வென்ற பந்தயத்தை பிபிசி தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. 1964இல் ஃபார்முலா 2 பந்தயம் ஒன்றில் கிரகாம் ஹில்லை முந்தி வென்ற யோஹன் ரிண்ட், பின்னாளில் உலகச் சாம்பியனானார். 1972இல் ஓடுதளம் மூடப்பட்டது.

1964இல் தேசிய விளையாட்டு மையம் திறக்கப்பட்டது. அதன் தடகள அரங்கு பழைய கால்பந்துத் திடல் இருந்த இடத்திலேயே அமைந்தது. லண்டனின் முக்கியப் பன்னாட்டுத் தடகளப் போட்டி 2012 வரை அங்கு நடந்து, மறு ஆண்டு ஒலிம்பிக் அரங்குக்கு மாறியது.