பொலிஸின் வேலையை எதை வைத்து அளப்பது? 1865 முதல் இன்று வரை ஒரு சிறு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

செப்டம்பர் 3 பொலிஸ் தினம். அந்த நாட்களில் ஒரு கேள்வி எல்லோர் வாயிலும் வரும்: "நம்ம பொலிஸ் ஒழுங்கா வேல செய்யுதா?" ஒருவர் கைதுக் கணக்கைச் சொல்வார். இன்னொருவர் தனக்கு நடந்த ஒரு கசப்பைச் சொல்வார். இரண்டு பேரும் கோபத்தோடு எழும்பிப் போவார்கள். அளவுகோல் எது என்று முதலில் பேசிக்கொள்ளாததுதான் காரணம். அந்த அளவுகோலின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 1864 க்குப் போவோம். உதுவன்கந்த சரதியேல் கதை எல்லோருக்கும் தெரியும். கண்டி வீதியில் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன். அந்த வருடம் மார்ச் 21 ஆம் திகதி மாவனெல்லையில் அவனைப் பிடிக்கப் போன இடத்தில் கான்ஸ்டபிள் சபான் என்ற மலாய் முஸ்லிம் சுடப்பட்டு இறந்தார். கடமையின்போது உயிரிழந்த முதல் இலங்கைப் பொலிஸ்காரர் அவர்தான். மார்ச் 21 ஐ இன்றும் பொலிஸ் வீரர் தினமாக அனுஷ்டிக்கிறார்கள். சரதியேலோடு கூடவே இருந்த மம்மலே மரிக்கார் ஒரு முஸ்லிம். இருவரும் அதே வருடம் மே 7 ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆக, இந்த நாட்டுப் பொலிஸ் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே நம்மவர் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

சரதியேல் விவகாரம் அரசாங்கத்தை உலுக்கியது. அடுத்த வருடம், 1865 இல், 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866 செப்டம்பர் 3 இல் ஜி. டபிள்யூ. ஆர். காம்ப்பெல் பொறுப்பேற்றார். முதல் பொலிஸ் மா அதிபர் அவர். பொலிஸ் தினம் அந்தத் திகதியில் வருவது அதனால்தான்.

அந்தக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 56 ஆம் பிரிவு ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. என் வார்த்தையில் சுருக்கித் தருகிறேன்:

1. குற்றங்களையும் பொதுத் தொல்லைகளையும் முன்கூட்டியே தடுப்பது.
2. அமைதியைப் பேணுவது.
3. ஒழுங்கீனமானவர்களையும் சந்தேகத்துக்குரியவர்களையும் பிடிப்பது.
4. குற்றவாளிகளைக் கண்டுபிடித்து நீதியின் முன் நிறுத்துவது.
5. பொது அமைதியைப் பாதிக்கும் தகவல்களைத் திரட்டி உரிய இடத்துக்கு அறிவிப்பது.
6. சட்டப்படி வரும் கட்டளைகளைத் தாமதமின்றி நிறைவேற்றுவது.

வரிசையைக் கவனியுங்கள். தடுப்பது முதலில், அமைதி இரண்டாவது. பிடிப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. லண்டன் பொலிஸை 1829 இல் அமைத்த ரொபர்ட் பீலின் பெயரில் சொல்லப்படும் கொள்கையும் இதுதான்: ஊரில் குற்றமும் குழப்பமும் இல்லாதிருப்பதே பொலிஸ் திறமைக்கு அடையாளம், பொலிஸ் ஓடித் திரிவது அடையாளமில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நடக்காமல் போன குற்றத்தை எப்படி எண்ணுவது? கைதை எண்ணலாம். வழக்கை எண்ணலாம். அதனால் காலனித்துவ காலத்திலிருந்தே வருடாந்த நிர்வாக அறிக்கைகளில் எண்ணக்கூடியவைதான் இடம்பிடித்தன: எத்தனை குற்றம் பதிவாகியது, எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை. இன்று பாராளுமன்றத்துக்குப் போகும் செயலாற்றுகை அறிக்கையின் அட்டவணைகளும் பெரும்பாலும் அதே உறவு முறைதான்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒரு பாடசாலையை சாதாரண தரப் பெறுபேற்று வீதத்தை மட்டும் வைத்து அளந்தால் என்ன நடக்கும்? கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையைப் பரீட்சைக்கு இருத்தாமல் விட்டாலே வீதம் கூடிவிடும். பிள்ளை படித்ததா என்பது அந்த எண்ணில் தெரியாது. டொனால்ட் காம்ப்பெல் என்ற அமெரிக்க அறிஞர் 1970 களில் இதை ஒரு விதியாகவே சொன்னார்: ஒரு எண்ணை வைத்துப் பெரிய முடிவுகளை எடுக்க எடுக்க, அந்த எண் கெட்டுப்போகும், அது அளக்க வந்த வேலையும் கெட்டுப்போகும். நம்முடைய முதல் பொலிஸ் மா அதிபரின் பெயரும் காம்ப்பெல்தான். உறவில்லை, பெயர் ஒற்றுமை மட்டும்.

இங்கிலாந்திலும் இது நடந்தது. பொலிஸ் பதிவுசெய்யும் குற்றக் கணக்கில் நம்பகத்தன்மை போதாது என்று 2014 ஜனவரியில் அந்த நாட்டுப் புள்ளிவிபர அதிகார சபை அதற்கிருந்த தேசிய அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. முறைப்பாடு வந்தாலும் எழுதாமல் விடுவது, பெரிய குற்றத்தைச் சின்னக் குற்றமாக எழுதுவது போன்ற குறைகள் அங்கே வெளிவந்தன. இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: "தீர்க்கப்பட்ட குற்றம்". சந்தேக நபரை அடையாளம் கண்டு வழக்குப் போட்டாலே பொலிஸ் மொழியில் அது தீர்ந்துவிடுகிறது. பத்து வருடம் கழித்து நீதிமன்றம் அவரை விடுதலை செய்தாலும் பழைய அட்டவணையை யாரும் போய்த் திருத்துவதில்லை.

இப்போது 56 ஆம் பிரிவை வைத்து நம் அனுபவத்தில் இருக்கும் சில சம்பவங்களைப் பார்ப்போம்.

1915. மே மாதக் கடைசியில், வெசாக் இரவில், கண்டியில் பள்ளிவாசல் வழியாகப் போன பெரஹராவில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. முஸ்லிம்கள் குறைந்தது 25 பேர் கொல்லப்பட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. அமைதியைப் பேணும் கடமை தோற்றது. பிறகு இராணுவச் சட்டம் வந்தது. அப்போது கைதும் தண்டனையும் குவிந்தன. டி. எஸ். சேனாநாயக்க போன்றவர்களே சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நிரபராதி என்றே சிங்கள சமூகம் இன்றுவரை நினைவுகூருகிறது. முதல் வாரம் நாம் பாதுகாப்பின்றி நின்றோம். அடுத்த மாதங்களில் அவர்கள் நியாயமின்றித் தண்டிக்கப்பட்டார்கள். தண்டனைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு 1915 ஒரு "வெற்றி" வருடம்.

2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, நம்ம தம்புள்ளை. இதை விளக்கமாக எழுதத் தேவையில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் ஹைரியா பள்ளிவாசலை நோக்கி வந்தார்கள். அன்று அங்கே ஜும்ஆ நடக்கவில்லை. பொலிஸும் படையினரும் ஊரில் இருந்தார்கள். பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்கு அவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சமூகம் தன் வணக்கத்தை நிறைவேற்ற முடியாமல் திரும்பிய அந்த நாள் எந்த அட்டவணையில் பதிவாகியது? அதற்கு ஒரு நிரல் கிடையாது.

2018, திகன. பெப்ரவரி 22 ஆம் திகதி தெல்தெனியவில் ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டார். தாக்கியவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் விரைவிலேயே கைதாகி விளக்கமறியலில் இருந்தார்கள். அதாவது, 3 ஆம் 4 ஆம் கடமைகள் ஒழுங்காக நடந்தன. சாரதி மார்ச் ஆரம்பத்தில் இறந்தார். தாக்குதலுக்கும் இறப்புக்கும் இடையில் ஒரு வாரத்துக்கும் மேலான அவகாசம் இருந்தது. சமூக ஊடகங்களில் வெறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒரு இளைஞர் தன் வீட்டுக்குள்ளேயே உயிரிழந்தார். மார்ச் 6 இல் அவசரகாலச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை கட்டுக்குள் வந்தது. பிறகு இருநூறுக்கும் அதிகமானோர் கைது. முதலாம், இரண்டாம் கடமைகளின் தோல்வி 3 ஆம் கடமையின் கணக்கில் சாதனையாக மாறிவிட்டது.

2019 ஏப்ரல் 21. இங்கே 5 ஆம் கடமை வருகிறது. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4 ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. அது கடிதமாக மேசைக்கு மேசை போனது. 260 க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும். முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியன். தகவலை உரிய இடத்துக்கு எடுத்துச் சென்று செயற்படாததை இந்த நாட்டில் இவ்வளவு தெளிவாக அளந்தது ஒரு நீதிமன்றம்தான், எந்தச் செயலாற்றுகை அறிக்கையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததும் நினைவிருக்கும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், பெரும்பாலானோர் முஸ்லிம்கள். குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டியது கட்டாயம்தான், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை அணிந்ததற்காக ஒரு பெண் இரண்டு வாரத்துக்கும் மேல் விளக்கமறியலில் இருந்தாரே, அவரும் அந்தக் கணக்கில் "ஒன்று". குண்டு வைக்க உதவியவனும் "ஒன்று". எண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அண்மைய உதாரணம் "யுக்திய". 2023 டிசம்பர் 17 இல் தொடங்கிய போதைப்பொருள் நடவடிக்கை. தினமும் கைதுக் கணக்கு வெளிவந்தது. ஒரு மாதம் கடந்தபோது 29,000 பேர் கைது என்று செய்தி. போதை நம் பிள்ளைகளையும் அழிக்கிறது. அதனால் நம்மில் பலரும் கைதட்டினோம். ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் இதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இதில் எத்தனை பேர் பாவனையாளர்கள், எத்தனை பேர் வியாபாரிகள்? எத்தனை பேருக்குப் புனர்வாழ்வு கிடைத்தது? ஒரு வருடம் கழித்து பாடசாலைச் சந்தியில் போதை கிடைப்பது குறைந்ததா? அந்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய தேசபந்து தென்னக்கோன் ஒருவரைச் சித்திரவதை செய்த விடயத்தில் அடிப்படை உரிமையை மீறினார் என்று அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன் பின்பும் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2025 ஓகஸ்ட் 5 இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது.

பொலிஸை மட்டும் குறை சொல்லி முடிப்பது எனக்கு விருப்பமில்லை. நம் மாவட்டத்துக்குப் பெருமையான ஒரு பெயர் இருக்கிறது: சேர் ரிச்சர்ட் அலுவிஹாரே. மாத்தளை அலுவிஹாரையைச் சேர்ந்தவர். 1947 இல் முதலாவது இலங்கையரான பொலிஸ் மா அதிபர் ஆனார். சிவில் சேவையிலிருந்து வந்தவர். மக்களை அடக்கும் படையாக இருந்ததை மக்களுக்கான சேவையாக மாற்ற முயன்றவர் என்றே வரலாறு அவரைச் சொல்கிறது. 1952 இல் பெண்கள் முதன்முதலாகப் பொலிஸில் சேர்க்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். 2001 இல் 17 ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டுவந்ததும் அதே திசையில் ஒரு படி. பிறகு வந்த ஒவ்வொரு அரசாங்கமும் அதன் அதிகாரத்தைக் குறைப்பதும் கூட்டுவதுமாக இருந்தது வேறு கதை. சபான் போல, இரவு பகல் பாராமல் நேர்மையாக வேலை செய்யும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். கைதுக் கணக்கை மட்டும் பார்க்கும் முறை அவர்களுக்கும் அநியாயம் செய்கிறது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி ஒரு சண்டையைத் தடுத்த பொறுப்பதிகாரிக்கு அட்டவணையில் எந்தப் புள்ளியும் இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, முறைப்பாட்டை எழுத வையுங்கள். எழுதப்படாத முறைப்பாடு கணக்கில் இல்லாத குற்றம். பொருளாதார மத்திய நிலையத்தில் காசோலை திரும்பிய வியாபாரியிலிருந்து பஸ்ஸில் தொந்தரவுக்கு ஆளான மாணவி வரை, "போனால் என்ன நடக்கப்போகுது" என்று வீட்டோடு இருந்தால், ஊரில் குற்றமே இல்லை என்றுதான் அறிக்கை சொல்லும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, வாய்மூலம் சொல்வதை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கண்ணை மூடிக் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழும் அரச கரும மொழிதான். தமிழில் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.

இரண்டாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். ஒரு வருடத்தில் எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனைக்கு வழக்குப் போட்டார்கள், தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பள்ளிவாசல் நிருவாகமும் வர்த்தக சங்கமும் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். திகதி, என்ன நடந்தது, எப்போது அறிவித்தோம், எவ்வளவு நேரத்தில் வந்தார்கள், பிறகு என்ன ஆனது. நல்லதையும் எழுதுங்கள். உதவி செய்த உத்தியோகத்தருக்கு நன்றிக் கடிதம் கொடுங்கள், அதன் பிரதியை மேலதிகாரிக்கும் அனுப்புங்கள். சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் அந்தப் புத்தகத்தோடு போய் இருங்கள். கோபத்தோடு போகிறவரை விடக் குறிப்போடு போகிறவரின் பேச்சு எடுபடும்.

கலேவெல, மாத்தளை, உக்குவளைப் பக்கம் இருக்கும் உறவுகள் உங்கள் ஊரில் இப்படி ஏதாவது வழக்கம் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த உத்தியோகத்தரின் பெயரையும் போட்டுத் திட்ட வேண்டாம். என்ன நடந்தது, எப்போது, எப்படி முடிந்தது என்று மட்டும் எழுதினால் எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கும்.

வஸ்ஸலாம்.