சீர்ப்பட்டியலும் சோற்றுப்பானையும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, கடலூர் முதுநகரில் சிறு மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் மதரஸா வாசலில் வந்து நின்றார். அவருடைய மகளுக்கு நிகாஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு சிதம்பரம். சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தார். பாத்திரப் பட்டியல். பித்தளை அண்டா, செப்புத் தவலை, மூன்று அளவில் தேக்சா, எவர்சில்வர் குடங்கள், அடுக்குப் பாத்திரம், நான்ஸ்டிக் சட்டிகள் என நீண்டு, ஐம்பத்தொன்றில் முடிந்திருந்தது.

“அவங்க வாயத் திறந்து ஒண்ணும் கேக்கல ஹஜ்ரத். ஊர் வழக்கம்னு எங்க வீட்டுப் பொம்பளைங்க எழுதினது. இதுக்குக் கடன் வாங்கலாமா?” என்றார்.

கடனைப் பற்றிய மார்க்கச் சட்டத்தைச் சொல்வது எளிது. ஆனால் அவருடைய கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருந்தது: ஒரு வீட்டின் அடுக்களைக்கு உண்மையில் எத்தனை பாத்திரம் வேண்டும்? நான் ஓதிய எந்தக் கிதாபிலும் இதற்கு ஓர் எண்ணிக்கையைக் கண்டதில்லை. ஆயினும் இதற்கொரு வரலாறு உண்டு. அதன் கணிசமான பகுதி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலேயே நடந்திருக்கிறது.

முதலில் மதீனாவிலிருந்து தொடங்குவோம். அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களை அலீ (ரலி) அவர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தபோது நபி (ஸல்) அவர்கள் கொடுத்தனுப்பிய பொருள்களை ஹதீஸ் நூல்கள் குறித்து வைத்துள்ளன. ஒரு போர்வை, நார் அடைத்த தோல் தலையணை, இரண்டு திரிகைக் கற்கள், ஒரு தோல் தண்ணீர்ப் பை, இரண்டு சாடிகள் ஆகியவை முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பில் உள்ளவை. மாவரைக்கத் திரிகை, நீருக்குப் பையும் சாடியும். மேடைகளில் இதை எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். இவ்வளவு குறைவான பொருளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எவ்வாறு நடந்தது என்பதை நாம் கேட்பதில்லை.

அதற்கான விடை, நம் பிள்ளைகள் தொழுகையில் அன்றாடம் ஓதும் ‘மாஊன்’ அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் இறுதி வசனம் ‘மாஊனை’த் தடுத்துக்கொள்வோரைக் கண்டிக்கிறது. மாஊன் என்பது எதைக் குறிக்கும் என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸகாத் என்றோரும் உளர். ஆனால் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், நபிகளாரின் காலத்தில் வாளியையும் சமையல் பானையையும் இரவல் கொடுப்பதையே தாங்கள் மாஊன் என்று கருதியதாகக் கூறியிருக்கிறார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அண்டை வீட்டாருக்குப் பானையை இல்லையென்று சொல்வது, வேதத்தின் கண்டனத்துக்கு உரிய செயலாக அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்கிறது. மதீனாவின் அடுக்களை சிறியதாக இருக்க முடிந்ததற்கு, பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்ததும் ஒரு காரணம்.

பெரிய பாத்திரமே அங்கு இல்லையென்று எண்ணிவிட வேண்டாம். ‘அல்கர்ரா’ எனும் பெயருடைய ஒரு பெருந்தாலம் இருந்தது. நான்கு பேர் சேர்ந்துதான் அதைத் தூக்க முடியும். ளுஹா தொழுகைக்குப் பின் உணவு நிரப்பிக் கொண்டுவரப்படும். மக்கள் சுற்றி அமர்வார்கள். கூட்டம் மிகுந்தபோது நபி (ஸல்) அவர்களே இடம்விட்டு மண்டியிட்டு அமர்ந்தார்கள். நம் கடலோர ஊர்களின் விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அல்கர்ரா நினைவுக்கு வரும். ஊர் கூடி உண்ணவே அந்தத் தாலம் இருந்தது; ஒரு வீட்டின் பரணில் ஆண்டு முழுதும் தூங்குவதற்கு அன்று.

இனி நம் கரைக்கு வருவோம்.

இங்கே அடுப்பின் மேல் முதலில் ஏறியதும் இன்றுவரை முழுதாய் இறங்காததும் மண்சட்டிதான். கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானிய நாட்டுச் சாடித் துண்டுகளோடு உள்ளூர்ப் பானையோடுகளும் குவியலாகக் கிடைத்தன. மண்சட்டி மெதுவாகச் சூடேறும். ஏறிய சூட்டை எளிதில் விடாது. புளியோடு அதற்குப் பகையில்லை. மீன் ஆணம் மறுநாள் இன்னும் சுவைப்பதற்கு மீனைப் போலவே சட்டியும் காரணம். விலை குறைவு; உடைந்தால் மண்ணோடு போகும்.

மண்ணால் ஆகாதது ஒன்று உண்டு. நூறு பேருக்குச் சோறாக்க முடியாது. அங்கேதான் செம்பு வந்தது. செம்பு வெப்பத்தை எல்லாப் பக்கமும் சீராகப் பரப்பும். அடியில் மட்டும் தீயாது. ஆனால் புளியும் தயிரும் வெறும் செம்பில் பட்டால் களிம்பேறும். உண்டவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். ஆகவே உள்ளே வெள்ளீயம் பூசியாக வேண்டும். இந்த இரண்டு உலோகங்களும் நம் மண்ணில் விளைந்தவையல்ல. கடல் வழியே வந்தவை.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டச்சுக் கம்பெனியார் ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்திலிருந்து செப்புக் கட்டிகளை ஏற்றிவந்து சோழமண்டலக் கரையில் விற்றனர். பரங்கிப்பேட்டையிலும் அவர்களுக்குப் பண்டகசாலை இருந்தது. வெள்ளீயத்தைக் கொணர்ந்தவர்களில் நம் முன்னோரும் இருந்தனர். வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, மஹ்மூது பந்தர் என்ற பெயராலும் அறியப்பட்ட அந்தப் பரங்கிப்பேட்டையிலிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் கெடாவுக்கும் பேராக்குக்கும் அச்சேவுக்கும் துணி ஏற்றிச் சென்றன. அவர்களை ‘சூலியா’ வணிகர் என்று அக்கால ஐரோப்பிய ஆவணங்கள் அழைக்கின்றன. மலாய்க் கரையிலிருந்து அவர்கள் ஏற்றித் திரும்பிய சரக்குகளுள் வெள்ளீயம் முதன்மையானது. ஒரு வலீமா விருந்தின் தேக்சாவுக்குள் ஜப்பானியச் செம்பும் மலாய் ஈயமும் சந்தித்துக்கொண்ட காலம் அது. நம் பெரியவர்களின் கடலோட்டத்தைப் பெருமையோடு பேசுகிறோம். அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் நம் சோற்றுப்பானையின் உட்பூச்சு கிடந்ததைப் பேசுவதில்லை.

ஈயம் பூசுவதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். தரையில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரியை ஊதுவார். பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பார். மூக்கைத் துளைக்கும் வெண்புகை எழும். ஈயக் குச்சியை உள்ளே தொட்டவுடன் அது உருகி ஓட, பஞ்சுப் பொதியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். கறுத்த செம்பு கண்ணெதிரே வெள்ளியாகிவிடும். ஈயம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடக்கூடியது. எனவே வெறும் தேக்சாவை அடுப்பில் காயவிட்டால் பூச்சு வழிந்துவிடும். கரண்டியால் சுரண்டினாலும் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பூசியாக வேண்டும். செம்புப் பாத்திரம் வைத்திருப்பது ஆடு வளர்ப்பதைப் போல. தொடர்ந்து செலவு கேட்கும். சீர்ப்பட்டியல் எழுதுவோர் இதை எண்ணுவதில்லை.

அதே பரங்கிப்பேட்டை இன்னொரு உலோகத்துக்கும் வீடானது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி, தம் பணியை விட்டுவிட்டு, 1830-ஆம் ஆண்டளவில் அங்கே இரும்பு உருக்காலை ஒன்றை நிறுவினார். சேலத்து மலைகளின் தாதுக்கல் ஆற்று வழியே படகுகளில் இறங்கி வந்தது. நிலக்கரி இல்லை, காட்டு மரத்தைச் சுட்ட கரியே எரிபொருள். அங்கு உருகிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலுக்குப் போனது. வேல்சு நாட்டின் பிரிட்டானியா பாலத்திலும் அது சேர்ந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹீத் பின்னர் ஷெபீல்டுக்கே சென்று, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையைப் பிறர் பயன்படுத்திக்கொள்ள, வழக்குகளிலேயே காலம் கழித்து, பலனை அனுபவிக்காமல் 1851-இல் இறந்தார். மரம் சுருங்கச் சுருங்கக் கரியின் விலை ஏறியது. 1860-களில் பரங்கிப்பேட்டை உலைகள் ஓய்ந்தன.

ஆனால் ஷெபீல்டோடு நம் அடுக்களைக்கு இருந்த தொடர்பு அத்துடன் முடியவில்லை. 1913-இல் அதே நகரில் ஹாரி பிரேர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் விரைவில் தேய்வதற்கு மாற்றுத் தேடும்போது, குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காததைக் கண்டார். அதன் வழிவந்ததே நாம் ‘எவர்சில்வர்’ என்று பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட உலோகம். (வெள்ளிப் பாத்திரத்தில் உண்ணக்கூடாதென்ற ஹதீஸைப் பாடமாக நடத்தும்போது, எவர்சில்வர் தட்டும் ஹராமா என்று ஆண்டுக்கு ஒரு மாணவனாவது கேட்டுவிடுவான். அதில் வெள்ளி குன்றிமணியளவும் இல்லை, கவலையின்றி உண்ணலாம்.) பிறகு கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை எழுந்து, 1980-களின் தொடக்கத்தில் எவர்சில்வர் தகடு தயாரித்தது. அப்போதும் அதற்கான எஃகு வெளியிலிருந்தே வந்தது. ஹீத்தின் கண்ணைக் கவர்ந்த சேலத்துத் தாது மலையிலேயே கிடந்தது.

நடுவில் அலுமினியம் வந்து போனது. போனது என்பதைவிட ஏழை வீட்டிலும் உணவுக்கடையிலும் தங்கிவிட்டது எனலாம். 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். இரண்டே ஆண்டுகளில் அதற்கென ஒரு கம்பெனியும் சென்னையில் உருவானது. எடை செம்பின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஈயம் பூசும் தொல்லையில்லை. புளிக்குழம்பை இரவு முழுதும் அதில் வைத்தால் மட்டும் பாத்திரம் அரிக்கும். பால் காய்ச்சவும் நீர் சுடவும் குறையில்லை.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வோர் உலோகமும் முந்தியதன் ஒரு குறையைத் தீர்க்க வந்தது. செம்புக்கு ஈயம், ஈயத்தின் தொல்லைக்கு அலுமினியம், அலுமினியத்தின் அரிப்புக்கு எவர்சில்வர். ஆகவே புதியது வந்தபின் பழையதன் வேலை குறைய வேண்டும். சீர்ப்பட்டியலோ எதையும் குறைக்காமல் எல்லாத் தலைமுறையையும் ஒருசேர அடுக்கி வைத்திருக்கிறது. குழாய்நீர் வந்தபின்னும் தவலை. குக்கர் வந்தபின்னும் வெண்கலப் பானை.

பெரிய பாத்திரத்தின் கதை வேறு. பல மஹல்லாக்களில் ஜமாஅத்துக்குச் சொந்தமான தேக்சாக்களும் சஹன்களும் இருக்கின்றன. ரமளானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும், வீடுகளிலிருந்து பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பதும் நாம் அறிந்ததே. வீட்டில் சிறியது, ஊருக்குப் பெரியது என்னும் அந்தப் பழைய பிரிவினை இன்னும் முற்றிலும் அழியவில்லை. இரவல் குறைந்ததற்குக் காரணம் கேட்டால், “கொடுத்தா நெளிஞ்சு வருது” என்கிறார்கள். நியாயமான வருத்தம்தான். மார்க்க அறிஞர்கள் இதையும் பேசாமல் விடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த பயன்பாட்டால் வரும் இயல்பான தேய்மானம் நீங்கலாக, இரவல் பொருள் கெட்டால் வாங்கியவரே பொறுப்பு. ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். அலட்சியமோ வரம்புமீறலோ இருந்தால்தான் ஈடு. இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் பகுதியில், கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே, மனைவியரில் ஒருவர் அனுப்பிய உணவுத் தட்டு மற்றொருவர் கையால் உடைந்ததுண்டு. நபியவர்கள் சிதறிய துண்டுகளைத் தாமே சேர்த்தெடுத்தார்கள். உடைத்தவரின் வீட்டிலிருந்து உடையாத தட்டொன்றை வாங்கி உரியவருக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவையும் அந்த மளிகைக்கடைக்காரரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கடன் வேண்டாம் என்று மட்டும் சொல்லி, பட்டியலை இரண்டு நாள் என்னிடம் விட்டுச் செல்லக் கேட்டேன். இருவர் வாழத் தொடங்கி ஐவராகும் வீட்டை மனத்தில் வைத்து எழுதினேன்: சோற்றுக்குக் குக்கர் ஒன்று, ஆணத்துக்குப் பெரிதும் சிறிதுமாக இரண்டு மண்சட்டி, ரொட்டிக்கும் தோசைக்கும் இரும்புக்கல், பொரிக்க இரும்பு வாணலி, பால் காய்ச்ச ஒன்று, விருந்தாளி வந்தால் பத்துப் பேருக்கு ஆக்க எவர்சில்வர் தேக்சா ஒன்று, நீருக்கும் மாவுக்குமாகச் சில. பன்னிரண்டில் நின்றது. என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இடியாப்பம் எதுல அவிக்கிறது? வடிதட்டு எங்கே?” என்றார். அடுப்பில் நிற்காதவன் எழுதிய பட்டியல் அப்படித்தான் இருக்கும். பதினான்காயிற்று.

நிகாஹுக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் வந்தார். கடன் வாங்கவில்லையாம். ஐம்பத்தொன்று பதினைந்தாகியிருந்தது. பதினைந்தாவது என்னவென்று கேட்டேன். பித்தளைக் குடம். “எங்க உம்மா எனக்குக் கொடுத்தது, நான் எம் பிள்ளைக்குக் கொடுப்பேன்” என்று அவர் மனைவி அதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டாராம். சிதம்பரத்து வீட்டில் குழாய் உண்டு. குடத்துக்கு அங்கே வேலையில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.