கொழும்புச் சதுப்பு நிலங்களும் புள்ளினமும்

நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுத்துரைத்த தொல்காப்பியர் புள்ளையும் அவற்றுளொன்றாக வைத்தார். புள் தான் வாழும் நிலத்துக்குரியது. நிலம் அழியுமாயின் அதன் புள்ளும் அழியும் என்பது அப்பகுப்பின் உட்கிடை. இவ்வுண்மையை இந்நாட்டுச் சட்டம் எத்துணைக் காலங் கழித்து உணர்ந்தது என்பதைக் கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களின் வரலாறு காட்டுகின்றது.

களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தை அடுத்த தாழ்நிலத்திலே கொழும்பு நகர் வளர்ந்தது. அதன் வடக்கே நீர்கொழும்புக் களப்பை அடுத்து முத்துராஜவெலச் சதுப்பும், கிழக்கே கோட்டேயைச் சூழ்ந்து தியவன்னாவும், தெற்கே பெல்லன்வில–அத்திடியச் சதுப்பும் உள்ளன. கொக்கு, நாரை, நீர்க்காகம், தாழைக்கோழி, இலைக்கோழி முதலியன இங்கு வதிவன. மாரிக்காலத்தில் உள்ளான் முதலிய புட்கள் வட ஆசியாவிலிருந்து வந்து தங்குகின்றன. இலங்கைக்குத் தெற்கே பெருங்கடலன்றி நிலமில்லை. ஆதலின், நெடும்பயணஞ் செய்து வரும் புள் தன் சதுப்புத் தூர்ந்துவிட்டதைக் காணின், அப்பாற் சென்று தங்குதற்கு வேறிடம் இல்லை என்க.

ஐரோப்பியர் இப்புட்களை முதலில் நோக்கியது அறியும் ஆர்வத்தினாலேயாம். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த லோட்டன், டி பெவெரே என்னும் ஓவியரைக்கொண்டு இலங்கைப் புட்களை வரைவித்தார். தேன்சிட்டு வகையொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1852இல் வைத்தியர் கேலாட் இலங்கை விலங்குகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பீரங்கிப் படை அதிகாரியான லெக் என்பார் 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். எனினும், அக்காலத்தில் துப்பாக்கியே பறவையாராய்ச்சியின் முதற் கருவியாக இருந்தது. 1894இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமும் வேட்டைக்காரர் முயற்சியாற் பிறந்ததே. வேட்டைப் பொருள் அருகுவதைக் கண்ட பின்னரே காக்கும் எண்ணம் எழுந்தது.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1938 மார்ச்சு 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. யால, வில்பத்து ஆகியன அவ்வாண்டிலேயே தேசிய வனங்களாயின. ஆயினும் அவை உலர்வலயத்தின்கண் உள்ளவை. தலைநகரின் அயலிலுள்ள சேற்று நிலம் காக்கத்தக்கது என்று அன்று எவரும் கருதினாரல்லர்.

அச்சேற்று நிலத்தின் கதை வேறு. முத்துராஜவெல முற்காலத்தில் நெல் விளைந்த நிலம். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய்களின் வழியே உவர்நீர் புகுந்து வயல்களைக் கெடுத்தது. அதனை நீக்கக் கருதிய ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்ற்றன் கால்வாயும் பயன் தரவில்லை. உழவர் கைவிட்ட வயலே புட்களுக்குப் புகலிடமாயிற்று. பின்னாளில் நகரம் பெருகவே அந்நிலங்களின்மீது மீண்டும் மனிதர் கண் விழுந்தது. 1968இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்தற்கெனச் சட்டமொன்று இயற்றப்பட்டது. ‘மீட்டல்’ என்னும் சொல் கருதற்பாலது: நிலத்தை நீரிடமிருந்து மீட்பதாகச் சட்டம் எண்ணியது, அந்நீரில் வாழ்ந்த உயிர்கள் கணக்கிற் கொள்ளப்படவில்லை. புள்ளைக் கொல்லுதல் குற்றமாகவும், அது வாழும் நிலத்தைத் தூர்த்தல் அபிவிருத்தியாகவும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நிலவின.

இம்முரணைத் தீர்க்கும் கருத்து வெளிநாட்டில் உருவாயிற்று. 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரிற் கையெழுத்தான உடன்படிக்கை, நீர்ப்பறவைகளைக் காத்தற்கு அவற்றின் ஈரநிலங்களையே காத்தல் வேண்டும் என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. இலங்கை அதில் 1990இற் சேர்ந்தது. அதற்கு முன்னரே, 1985இல், கோட்டேயை அடுத்த பகுதி சரணாலயமாயிற்று. 1990இல் 372 ஹெக்டேயர் பரப்புள்ள பெல்லன்வில–அத்திடியவும், 1996இல் முத்துராஜவெலவின் வட பகுதியும் சரணாலயங்களாயின.

எனினும், மக்கள் மனத்தை மாற்றியது வெள்ளமேயாம். 1992 ஜூன் மாதத் தொடக்கத்திற் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றர் அளவு மழை பொழிந்தது. நீரைத் தாங்கும் சதுப்புக் குறைந்தமையால் வெள்ளம் வீடுகளுட் புகுந்தது. சதுப்பு பயனற்ற நிலமன்று, நகரின் காவலரண் என்பது அதன் பின்னரே படிப்படியாக உணரப்பட்டது. 2018இல் உலகில் முதன்முதலாக ‘ஈரநில நகரம்’ என ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று.

பட்டம் மட்டும் புள்ளைக் காவாது. குப்பை கொட்டுதலும் மண் நிரப்புதலும் ஆகாயத்தாமரை பரவுதலும் இன்னும் ஓயவில்லை. புள்ளுக்காகக் காக்கத் தயங்கிய நிலத்தை மனிதன் தன் வீட்டுக்காகவேனும் காக்கத் தொடங்கினான். நிலத்தையும் புள்ளையும் பிரித்தெண்ணாத பழந்தமிழ்த் திணைக் கோட்பாடு வெறும் இலக்கிய மரபன்று. இன்றும் கைக்கொள்ளத்தக்க வாழ்வு நெறியாம்.