குளிர் ஊர் யாருக்கு நல்ல ஊர்? நுவரெலியாவை முன்வைத்து

ஏப்ரல் பிறந்தால் கொழும்புப் பக்கத்திலிருந்து வான்கள் வரிசையா மேலே ஏறி வரும். குதிரைப்பந்தயம், மலர்க்கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, கையில் ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரி. கம்பஸில் கூடப் படிக்கிறவங்க எங்களிடம் "நீங்கள்லாம் குடுத்து வச்சவங்க, கரண்ட் பில் இல்லாத ஏசி" என்பார்கள். நாங்களும் சிரிச்சிட்டு விட்டுருவோம். ஆனால் சின்ன ஊர், குளிர் ஊர், அதனால் இருக்கிறதுக்கு நல்ல ஊர் என்கிற நினைப்புக்கே ஒரு வரலாறு இருக்கு. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

நுவரெலியா தானா வளர்ந்த ஊர் இல்லை, தேர்ந்தெடுத்துக் கட்டிய ஊர். சமவெளியின் வெக்கையும் காய்ச்சலும் தாங்காத வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு தேற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கு அதுக்குத் தோதா அமைஞ்சது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தனக்கொரு வீடு கட்டினார். அதுதான் பிறகு கிராண்ட் ஹோட்டலாக மாறியது. அடுத்து வந்தவர் சாமுவேல் பேக்கர். காய்ச்சலில் விழுந்து, இங்கே வந்து தேறி, ஊருக்குப் போய் 1848இல் பண்ணையே வைக்கத் திரும்பி வந்தார். ஆட்கள், மாடுகள், வேட்டை நாய்கள், கொல்லன் என்று எல்லாத்தையும் இங்கிலாந்திலிருந்தே கொண்டு வந்தார். முதல் போகத்தில் பாதியைக் காட்டு மிருகங்கள் தின்றன. மாடுகள் நோயில் செத்தன. அவருடைய புத்தகத்தில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கார். அதாவது இந்தக் குளிர் பேக்கருக்கே முதலில் சுகமா அமையல்ல.

பிறகு காசு வந்தது, ஊர் இங்கிலாந்து மாதிரி ஆனது. சதுப்பு நிலம் 1873இல் வாவியானது. 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ப் மைதானம். 1885இல் கோச்சி நானுஓயா வரைக்கும் வந்தது. 1903இல் அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு சின்னப் பாதையும் போட்டு, அடுத்த வருடம் ராகலை வரை நீட்டினார்கள். 1940களில் அதை மூடியாச்சு. இருந்திருந்தால் ராகலைப் பக்கத்துப் பிள்ளைகள் காலையில் பஸ் மிதிபலகையில் தொங்குறது கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? முதலில் கோப்பி. 1869இல் தொடங்கிய இலை நோய் அதை அழிச்ச பிறகு தேயிலை. இரண்டுக்கும் ஆட்கள் வந்தது புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் மாதிரியான வெயில் காயும் ஊர்களிலிருந்து. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலை ஏறினார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது பற்றி வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னமும் விவாதம் நடக்குது. பிழைச்சு வந்தவங்களுக்கு அதுவரை தெரியாத ஒன்று மேலே காத்திருந்தது: குளிர்.

தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள். சும்மா இல்லை, அதன் விலை கணக்கில் ஏறியது. பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் சேர்ந்து கங்காணியிடம் கடனானது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி 'துண்டு' முறை கட்டிப் போட்டது. 1921இல்தான் அது ஒழிஞ்சது. ஒருத்தருக்கு உடம்பைத் தேற்றின அதே குளிர் இன்னொருத்தருக்குக் கடனாக வந்தது என்பதுதான் எங்களைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைக்குது. துரை பங்களாவில் கணப்பு அடுப்பு. லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் சமையல் அடுப்புதான் கணப்பு, புகையும் இலவசம். பெரட்டுக்குப் போற நேரம் இரண்டு இடத்திலும் ஒரே பனிதான்.

ஊர் என்பது வீடும் காலநிலையும் மட்டும் இல்லையே, வாக்கும்தான். 1947 தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்ட மக்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள், வாக்கும் போனது. தேர்தலில் வென்று அவர் திரும்பப் பாராளுமன்றம் போனது 1977இல், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக. இடையில் முப்பது வருடம்! அந்த முப்பது வருடமும் கொழுந்து பறிச்சதில் மட்டும் இடைவெளி இல்லை.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. மூன்று இலட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கலாம் என்று. ஆளைக் கேட்காமல் ஆளைப் பிரிச்ச கணக்கு. போனவர்களில் ஒரு பகுதியினர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் தெரியுமா? நீலகிரி. கூடலூர், கோத்தகிரிப் பக்கம், அவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசு தொடங்கின தேயிலைத் தோட்டங்களுக்கு. வெள்ளைக்காரன் உடம்பு தேற்றக் கட்டிய ஒரு குளிர் ஊரிலிருந்து அதே மாதிரி இன்னொன்றுக்கு. அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. இங்கே 'இந்தியாக்காரங்க'.

நியாயமாச் சொன்னால், எங்களுக்கு இந்த ஊர் பிடிக்கும். பீதுருதாலகால மலையிலிருந்து மூட்டம் இறங்குறதும், லீக்ஸ் பாத்தியில் பனி வெள்ளையா உறைஞ்சு கிடக்கிறதும், விடுமுறைக்கு வந்து இறங்கினதும் மூக்கில் ஏறுற கொழுந்து வாசமும் வேற எங்கேயும் கிடைக்காது. கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன எங்கட அண்ணன்மார் வெக்கையில் தூக்கம் வராமல் இந்தக் குளிரைத்தான் நினைக்கிறாங்க. ஆனால் அவங்க வெக்கைக்கு ஆசைப்பட்டா போனாங்க? நாள் சம்பளமும் சொந்தமில்லாத காம்பராவும்தான் தள்ளிவிட்டது.

நுவரெலியா டவுனில் 1894இல் கட்டிய செங்கல் தபால் கந்தோர் ஒன்று இருக்கு. வாறவங்க எல்லாரும் அதுக்கு முன்னால நின்று படம் எடுப்பாங்க. எங்கள் லயங்களுக்கு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. கடிதத்தில் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதுவோம். அது முதலில் தோட்டத்து ஒபிஸுக்குப் போகும். எங்களில் ஒருத்திக்குக் கம்பஸ் கடிதம் அங்கே பல நாள் கிடந்து, பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது.