பிள்ளைக்கு சாஷிமி பிடிக்குமா? மீன் நாடாப்புழு பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

சுஷி, சாஷிமி, சீனப் புத்தாண்டு யூ ஷெங்... சிங்கப்பூரில் பச்சை மீனைப் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் முறையாக உறைய வைக்காத சில மீன்களில் நாடாப்புழு இருக்கலாம்.

உடலுக்குள் எப்படிப் போகிறது?

புழுவின் முட்டைகள் மலத்தின் வழியாக ஆறு, ஏரிகளில் கலக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் இளம்புழுவை மிகச் சிறிய நீர் உயிரினங்கள் விழுங்கும். அவற்றைச் சின்ன மீன் சாப்பிடும். சின்ன மீனைப் பெரிய மீன் சாப்பிடும். அந்த மீனை நாம் பச்சையாகச் சாப்பிட்டால் புழு நம் குடலில் ஒட்டிக்கொண்டு வளரும். 10 மீட்டர் வரைகூட வளரலாம்!

பிள்ளைக்கு இருந்தால் தம்பி தங்கைக்கும் ஒட்டிக்கொள்ளுமா? இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது நேரடியாகப் பரவாது.

எல்லா சால்மனும் ஆபத்தா?

இல்லை. பண்ணையில் தீவனம் கொடுத்து வளர்க்கப்படும் சால்மனில் அபாயம் மிகக் குறைவு. இயற்கையாக வளரும் பசிபிக் சால்மனில்தான் அதிகக் கவனம் தேவை. 2013இல் அலாஸ்காவில் பிடிபட்ட சால்மனிலும் 'ஜப்பானிய நாடாப்புழு' வகை கண்டுபிடிக்கப்பட்டது.

எப்படித் தெரியும்?

பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சிலருக்கு வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, எடை குறைவு ஏற்படலாம். புழு வைட்டமின் பி12 சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அரிதாக ரத்தசோகையும் வரலாம். பிள்ளை எப்போதும் சோர்வாக, வெளிறிப்போய் இருந்தால் கவனியுங்கள்.

பல குடும்பங்களுக்கு விஷயம் தெரியவருவது கழிவறையில்தான். மலத்தோடு வெள்ளை நிறத்தில், தட்டையாக, நாடா போல ஒன்று வெளியேறும்.

பார்த்தவுடன் என்ன செய்வது?

- பதறாதீர்கள். பிள்ளையைத் திட்டவும் வேண்டாம்.
- புழு தொங்கிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். தலைப்பகுதி உள்ளே தங்கிவிட்டால் அது மறுபடியும் வளரும்.
- வெளியே வந்த துண்டை மூடிய டப்பாவில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எந்த வகைப் புழு என்று கண்டறிய அது உதவும்.
- கடையில் கிடைக்கும் வழக்கமான பூச்சி மருந்தை நீங்களே கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் வேறு வகைப் புழுக்களுக்கானது.

இதற்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் மருந்து பிராசிகுவான்டெல். பெரும்பாலும் ஒரே வேளை போதும். பிள்ளையின் எடையைப் பார்த்து மருத்துவர் அளவைச் சொல்வார்.

எலுமிச்சைச் சாறு போதுமா?

போதாது! எலுமிச்சை, வினிகர், வசாபி எதுவும் புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. லேசாகப் புகையூட்டிய மீனுக்கும் இது பொருந்தும்.

- சமைப்பதென்றால் மீனின் உட்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும்.
- பச்சையாகச் சாப்பிடுவதென்றால் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு உறைபெட்டி பல நேரம் அந்த அளவுக்குக் குளிராது.
- குழம்புக்கு வாங்கிய மீனை சாஷிமியாக வெட்டாதீர்கள். பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே விற்கப்படும் மீனைக் கேட்டு வாங்குங்கள்.

நன்னீர் மீன்?

2015இல் பச்சை நன்னீர் மீனோடு தொடர்புடைய பாக்டீரியாத் தொற்று சிங்கப்பூரில் பலரைப் பாதித்தது. அதன் பிறகு உணவுக் கடைகள் அதைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. வீட்டிலும் அதே விதியைப் பின்பற்றுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு? நன்கு வெந்த மீனே நல்லது. வெந்த இறால், முட்டை, வெள்ளரிக்காய் வைத்த சுஷியும் சுவைதானே!