வேலியில்லாத் தோட்டம்: சரபோஜி என்னும் வளர்ப்பு மகன்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் அதை அடுத்துள்ள சிவகங்கைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய தேவாலயத்தை எட்டிப் பார்ப்பது அரிது. நாங்களும் பல முறை விமானத்தின் நிழலிலேயே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள்தாம். சென்ற பயணத்தில்தான் அந்தச் சிறிய ஆலயத்துக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. கட்டிலில் ஒரு முதியவர் இறக்கும் தறுவாயில் கிடக்கிறார். அவருடைய கையைப் பற்றியபடி அரச உடையில் ஓர் இளைஞர் நிற்கிறார். கட்டிலைச் சுற்றிலும் பள்ளிச் சிறுவர்கள்.

முதியவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ், பிரஷ்ய நாட்டிலிருந்து வந்த லூத்தரன் போதகர். இளைஞர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. ஜான் பிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயச் சிற்பியிடம் இதைச் செய்யச் சொல்லி வரவழைத்தவர் சரபோஜியேதான். சைவத் திருக்கோயில்களின் அறங்காவலராக வாழ்ந்த ஒரு போன்ஸ்லே மன்னர், ஒரு கிறித்தவப் பாதிரியாருக்கு மகன் செய்வதுபோல் இக்கடனைச் செய்தது ஏன்? இக்கேள்வியோடுதான் நாங்கள் ஊர் திரும்பினோம்.

சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர், தன்வந்திரி மகாலை நிறுவியவர், 1805ஆம் ஆண்டிலேயே தேவநாகரி அச்சுக்கூடம் கண்டவர் என்று சரபோஜியைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவர் ஒரு தத்துப்பிள்ளை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நூல்கள் மேலே சென்றுவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் பதினோரு ஆண்டுத் துயரம் அடங்கியிருக்கிறது. தத்தெடுத்த தந்தை, காக்க வேண்டிய சிற்றப்பன், எந்த உறவும் இல்லாமலே வளர்த்த அந்நியர் என்று மூன்று விதமான பெற்றோரையும் ஒரே பிள்ளை கண்ட கதை அது.

தந்தை கொடுத்த பிள்ளை

துளஜா மன்னரின் ஆட்சி (1763-1787) அமைதியானதன்று. 1773இல் ஆர்க்காட்டு நவாபு தஞ்சையைக் கைப்பற்றி மன்னரைச் சிறைவைத்தார். 1776இல் கம்பெனியார் நாட்டைத் திரும்பக் கொடுத்தனர். அடுத்த சில ஆண்டுகளில் ஹைதர் அலியின் படைகள் காவிரிக் கழனிகளைப் பாழாக்கின. இவற்றுக்கிடையே மன்னர் தாம் பெற்ற பிள்ளைகளையும் இழந்தார். நோயுற்று முடிவு நெருங்குவதை உணர்ந்த அவர், 1787ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போன்ஸ்லே குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ஒரு சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். 1777 செப்டம்பரில் பிறந்த அச்சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது நிறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

ஒன்பது வயது என்பது நினைவில்லாத பருவமன்று. தன் வீடு எது, தாய் யார் என்பதெல்லாம் தெரிந்த வயது. அந்தப் பிள்ளை ஒரு நாள் சடங்கில் ஒரு வீட்டின் மகனாக இருப்பதை விட்டு, இன்னொரு வீட்டின் மகன் ஆனான். புதிய தந்தையோ அவன் பழகுவதற்குள் இறந்துபோகும் நிலையில் இருந்தார்.

மன்னர் சுவார்ட்ஸை அழைத்து, இவன் இனி என் மகனல்லன், உங்கள் மகன் என்ற பொருள்படச் சொல்லிச் சிறுவனை ஒப்படைக்க முயன்றார். சுவார்ட்ஸ் ஏற்கவில்லை. இந்தப் பிள்ளையை வேலியில்லாத தோட்டம்போல் விட்டுச் செல்கிறீர்கள், அரியணைக்குப் பலர் காத்திருக்கும்போது நான் எப்படிக் காப்பேன் என்ற கருத்தில் அவர் விடையளித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மன்னரின் தம்பியான அமர்சிங்கைக் காப்பாளராக்குவதே தக்கது என்பது அவர் சொன்ன யோசனை.

உலகியல் அறிந்தவர் சொல்லும் யோசனைதான் இது. தகப்பன் இறந்தால் சிற்றப்பன் பார்த்துக்கொள்வதே நம் குடும்பங்களின் வழக்கம். ஆனால் அந்தச் சிற்றப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஓர் அரியணை இருந்தது.

பண்டிதர்கள் சொன்ன தீர்ப்பு

துளஜா இறந்ததும் அமர்சிங் தத்தையே எதிர்த்தார். சென்னை ஆளுநர் சர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் பண்டிதர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். தத்து செல்லாது என்றனர் அவர்கள். காரணங்கள் மூன்று. தத்தெடுத்தபோது மன்னர் தெளிந்த மனநிலையில் இல்லை. பிள்ளையின் வயது கடந்துவிட்டது. பெற்றவர்க்கு அவன் ஒரே மகன்.

பின் இரண்டு காரணங்களும் தர்மசாத்திர நூல்களில் வேர்கொண்டவை. ஒரே மகனைக் கொடுக்கவும் கூடாது, கொள்ளவும் கூடாது என்பது வசிட்டர் பெயரால் வழங்கும் விதி. பெற்றவரின் குலம் அற்றுப்போகும் என்பதே அதற்குக் காரணம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைத் தத்தெடுப்பதற்குத் 'தத்தக மீமாம்சை' தடை சொல்கிறது. இந்த விதிகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். பிண்டம் யார் இடுவது, சொத்து யாருக்குச் சேர்வது, எந்தக் குலம் நிலைப்பது என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை உண்டு. பிள்ளையை யார் வளர்ப்பது, அவன் அச்சமின்றி உறங்குவானா என்ற கேள்விகளுக்கு இடமில்லை. தத்து என்பது அன்று குலத்துக்கு ஒரு மகனைத் தேடித் தரும் ஏற்பாடு. பிள்ளைக்கு ஒரு குடும்பத்தைத் தேடித் தருவதாக யாரும் அதை எண்ணவில்லை.

1787இல் அமர்சிங் அரியணை ஏறினார். தத்து செல்லாது என்று வழக்காடி வென்றவரின் பொறுப்பிலேயே தத்துப்பிள்ளையும், துளஜாவின் விதவை அரசியரும் விடப்பட்டனர்.

இருட்டறை

அடுத்த ஆண்டுகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் சுவார்ட்ஸ் எழுதிய கடிதங்களிலிருந்தே கிடைப்பவை. ஒரு பக்கத்தின் சாட்சியம் என்பதை மனத்தில் கொண்டு படித்தாலும் அவை நெஞ்சை உறுத்துகின்றன. சிறுவன் அரண்மனைக்குள் அடைத்துவைக்கப்பட்டான். வெளிச்சம் புகாத அறை. கல்வி இல்லை. வெளியார் நெருங்க அனுமதி இல்லை. அவனை யாரும் கொல்லவில்லை. வளரவிடாமல் வைத்திருப்பதே போதுமானதாக இருந்தது. எழுத்தறியாத பிள்ளை நாளை உரிமை கேட்டு நின்றாலும் ஆளத் தகுதியற்றவன் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

அமர்சிங்கை வெறும் கொடியவராக நாங்கள் தீட்ட விரும்பவில்லை. பின்னாளில் அவர் குடியேறிய திருவிடைமருதூர் இசைவாணர்கள் கூடிய இடமாயிற்று. கனம் கிருஷ்ணையர் போன்றோரை ஆதரித்த அவை அது. கலையை நேசித்த ஒருவரே ஒரு குழந்தையை இருட்டில் வைத்திருக்க முடிந்தது என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. உறவுக்குள் வளரும் பிள்ளைக்கு உறவே அரண் என்பது பொதுவாக மெய். காப்பவரின் இலாபமும் பிள்ளையின் வாழ்வும் எதிரெதிராக நிற்கும்போது, அந்த அரணே சிறையாகிவிடுகிறது. அரியணை இல்லாத வீடுகளிலும் ஒரு காணி நிலத்துக்காக இது நடந்திருக்கிறது.

சுவார்ட்ஸுக்கு இது தம் யோசனையால் வந்த வினை என்ற உறுத்தல் இருந்திருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் கம்பெனிக்கு எழுதினார். அவரே சிறுவனின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் மறுத்த பொறுப்பு சுற்றிவந்து அவர் கையிலேயே சேர்ந்தது. 1793ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சரபோஜியும் விதவை அரசியரும் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே போதகர் கெரிக்கே சரபோஜியின் கல்வியைக் கவனித்துக்கொண்டார்.

மணமாகாத தந்தையின் பிள்ளைகள்

சுவார்ட்ஸ் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் பிள்ளை வளர்த்த பழக்கம் அவருக்கு உண்டு. தரங்கம்பாடிப் போதகர் ஒருவரின் மகனான ஜான் காஸ்பர் கோலாப்பைச் சிறு வயதிலிருந்தே தம்முடன் வைத்து வளர்த்தார். 1787இல் குருப்பட்டம் பெற்ற கோலாப், பின்னர் தஞ்சையில் அவருடைய பணியைத் தொடர்ந்தார்.

இன்னொரு பிள்ளை, தமிழிலக்கிய அன்பர்கள் நன்கறிந்த வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, இளமையிலேயே தாயை இழந்த அச்சிறுவனைத் தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார் சுவார்ட்ஸ். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய கவிராயர் அப்படித்தான் நமக்குக் கிடைத்தார். பிற்காலத்தில் அவருக்கும் புதிய தலைமுறைப் போதகர்களுக்கும் பூசல் முற்றி அவர் பணியிழந்தபோது, சரபோஜியின் அவை அவரை ஆதரித்தது. ஒரே மனிதரின் நிழலில் வளர்ந்த இருவரில் அரசரானவர் கவிஞரானவரைத் தாங்கினார். இரத்தத் தொடர்பற்ற உடன்பிறப்பு என்று இதைச் சொன்னால் பிழையாகுமா?

சரபோஜியின் வளர்ப்பில் எங்களை மிகவும் வியக்கவைத்தது மதம் பற்றியது. மதம் பரப்புவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் கையில், ஆதரவற்ற ஒரு பிள்ளை சில ஆண்டுகள் இருந்தான். சுவார்ட்ஸுக்கு அவன் கிறித்தவனாக வேண்டும் என்ற ஆசை இருந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆயினும் சரபோஜி தம் குலமரபிலேயே நின்றார். 1820 முதல் 1822 வரை காசி யாத்திரை சென்று வந்தார். ஆங்கிலமும் அறிவியலும் வளர்த்தவர்களிடமிருந்து வந்தன, வழிபாடு பிறந்த குடியிலிருந்து வந்தது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. வேறு மரபில் பிறந்த பிள்ளையை வளர்ப்போர் இன்றும் எதிர்கொள்ளும் கடினமான சோதனை இதுதான். பிள்ளைக்கு நம்மிடம் உள்ளதையெல்லாம் கொடுக்கலாம். அவன் கொண்டுவந்ததைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

செல்லாத தத்து செல்லுபடியாகிறது

பண்டிதர்களின் பழைய கருத்து மீண்டும் விசாரிக்கப்பட்டது. காசி, வங்காளப் பண்டிதர்களிடமும் கேட்கப்பட்டது. இம்முறை தத்து செல்லும் என்று விடை வந்தது. 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். வளர்த்தவர் அதைக் காண இருக்கவில்லை.

கம்பெனியின் கருணை இது என்று யாரும் மயங்க வேண்டாம். 1799 அக்டோபரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி கம்பெனியிடம் போயிற்று. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் வருவாயில் ஒரு பங்கும்தான். தத்தை ஏற்பதும் மறுப்பதும் அவர்களுக்கு அரசியல் கருவி. 1798இல் தஞ்சையில் தத்தை ஏற்ற அதே கம்பெனி, 1848இல் சதாராவிலும் 1854இல் ஜான்சியிலும் தத்தை மறுத்து நாடுகளை விழுங்கியது. 1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபோது, மகளின் உரிமையும் எடுபடவில்லை. தஞ்சை அரசு முடிந்தது.

சாத்திரச் சிக்கல் அதற்குப் பிறகும் நூறாண்டு நீடித்தது. ஒரே மகனைத் தத்துக் கொடுத்தாலும் அது செல்லும் என்று 1899இல்தான் பிரிவி கவுன்சில் முடிவு சொன்னது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு வழக்கும் அந்தத் தீர்ப்பில் அடக்கம். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுத்தல் சட்டம் வயது வரம்பைப் பதினைந்தாக உயர்த்தியது. பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி செய்தது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பும் உறவினர் தத்தெடுப்பும் இடம்பெற்றன. தத்து பிள்ளையின் நலனுக்கானதா, வயதுக்கேற்ப அதன் விருப்பம் என்ன என்று பார்க்கும்படி அச்சட்டம் கூறுகிறது. 1787இல் எவரும் அந்த ஒன்பது வயதுச் சிறுவனிடம் கேட்காத கேள்வி, சட்டப் புத்தகத்தில் ஏற நெடுங்காலம் ஆயிற்று.

சத்திரத்துப் பிள்ளைகள்

இறுதியாக ஒரு செய்தி. 1801ஆம் ஆண்டு, தஞ்சைச் சத்திரங்களின் வருவாய் கம்பெனியிடம் போய்விடக் கூடாதே என்று கவலைகொண்ட சரபோஜி, ரெசிடெண்டு டாரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இராமேசுவர யாத்திரை வழியில் தம் முன்னோர் எழுப்பிய சத்திரங்களில் நடக்கும் அறங்களை அதில் விவரிக்கிறார். வழிப்போக்கர்க்கு உணவு, நோயுற்றோர்க்கு மருந்து, கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பு. அவற்றோடு, சத்திரத்துக்கு வந்து சேரும் அநாதைப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறார். அவர்கள் உபாத்தியாயரின் பொறுப்பில் விடப்படுகிறார்கள். நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு. நான்கு நாளுக்கொரு முறை எண்ணெய்க் குளியல். உடுக்கத் துணி, நோய்க்கு மருந்து, அவரவர் விரும்பும் கல்வி.

அறநிலையக் கணக்கைச் சொல்லும் கடிதம்தான். ஆனால் எண்ணெய்க் குளியல் எத்தனை நாளுக்கொரு முறை என்பதுவரை ஓர் அரசர் எழுதுகிறார். பிள்ளை வளர்ப்பு என்பது அன்றாடம் நடக்கும் இத்தகைய சிறு செயல்கள்தாம் என்பதை, அவை மறுக்கப்பட்ட ஒருவர் நன்கு அறிந்திருப்பார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே ஊட்டி வளர்க்கப்பட்ட ஊரார் பிள்ளையே வளர்ந்து, பிற பிள்ளைகளை ஊட்டும் அறத்துக்காக வாதாடியது.

அடுத்த முறை தஞ்சை செல்லும் நண்பர்கள், பெரிய கோயிலிலிருந்து சில நிமிட நடை தூரத்தில் இருக்கும் அந்தப் பளிங்குச் சிற்பத்தையும் பார்த்து வர வேண்டுகிறோம். அரசரின் கை பற்றியிருப்பது எதை என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.