குப்பி விளக்கும் பயிற்சி விமானமும்

தரம் 11 வரலாற்றுப் பாடம். முதலாம் உலகப் போர் முடிந்து வேர்சாய் உடன்படிக்கைக்கு வந்திருந்தோம். ஜேர்மனி இனி விமானப்படையே வைத்திருக்கக் கூடாது என்று 1919இல் எழுதி வாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கையில், அறுகம்பேயிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழும்பினான். "அப்பிடியெண்டா சேர், 1939ல அவங்களுக்கு அவ்வளவு விமானிகள் எங்க இருந்து வந்த?"

நல்ல கேள்வி. பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அவனுக்கும், அவனைப் போலக் கேட்கக்கூடிய உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

போர் விமானத்தை ஒரு தொழிற்சாலை சில மாதங்களில் செய்துவிடும். விமானியை அப்படிச் செய்ய முடியாது. ஜேர்மனியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் தடை இருந்த காலத்திலேயே இளைஞர்களை எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களில் ஏற்றிப் பழக்கினார்கள். ரஷ்யாவின் லிபெட்ஸ்க் நகரில் 1933 வரை இரகசியமாக ஒரு பயிற்சிப் பள்ளியே நடத்தினார்கள். ஹிட்லர் வந்ததும் விளையாட்டு விமானக் கழகம் என்ற பெயரில் அது நாடு முழுக்கப் பரவியது. 1935 மார்ச்சில் "எங்களிடம் விமானப்படை இருக்கிறது" என்று அவர்கள் உலகத்துக்கு அறிவித்தபோது, விமானிகள் ஏற்கனவே தயார்.

அந்தப் பிள்ளைகள் ஏறிப் பழகிய விமானங்களில் ஒன்றுதான் கோத்தா 145. கோத்தா என்பது ஓர் ஊரின் பெயர். அங்கே ரயில் பெட்டி செய்யும் கம்பனி ஒன்று முதலாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானமும் செய்தது. 1917இல் லண்டனில் குண்டு போட்டவை அவைதான். போர் முடிந்ததும் அந்த வேலை நின்றது. 1933இல் திரும்பத் தொடங்கியபோது அவர்கள் முதலில் கையில் எடுத்தது குண்டுவீச்சு விமானத்தை அல்ல, பயிற்சி விமானத்தை. அல்பேர்ட் கல்கேர்ட் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இது 1934 பெப்ரவரியில் முதன்முதலாகப் பறந்தது.

மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகு. திறந்த இருக்கை இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. மாணவனுக்கும் ஆசிரியருக்கும் ஒரே மாதிரிக் கட்டுப்பாடுகள். மாணவன் பிழைவிட்டால் ஆசிரியர் பிடித்துக்கொள்வார். (நமது வகுப்பறையிலும் இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாக இருக்கும்!) இரண்டு அடுக்குச் சிறகென்றால் மெதுவாகப் பறந்தாலும் காற்று தாங்கும், குறைந்த வேகத்தில் தரையிறங்கலாம், பழகுபவனின் தவறைப் பொறுக்கும். எஞ்சின் 240 குதிரைவலு. உடம்பு பெரும்பாலும் மரம், அதன் மேல் துணி. மருதமுனைத் தறியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். இழுத்துக் கட்டிய துணியில் ஒருவகை வார்னிஷ் பூசினால் அது பறை போல விறைத்துவிடும். உடைந்தால் திருத்த நல்ல தச்சன் போதும்.

ஸ்பெயினும் துருக்கியும் அனுமதி பெற்று இதைச் செய்தன. பூக்கர் என்ற இன்னொரு ஜேர்மன் கம்பனியின் சிறிய இரட்டைச் சிறகு விமானத்தை ஜப்பான் ஆயிரத்துக்கும் மேல் செய்தது.

ஒரு சின்னச் சம்பவம். 1940 ஆகஸ்ட் 28ஆம் திகதி, செனல் தீவுகளிலிருந்து கடிதங்கள் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கோத்தா 145 ஒன்று வழி தவறி இங்கிலாந்துக்குள் போய், லூயிஸ் நகரின் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கிவிட்டது. பிரித்தானியர் அதைப் பிடித்துத் தங்கள் இலக்கத்தைப் போட்டுப் பாவித்தார்கள். அந்த வயதில் அந்தப் படைவீரர்கள் வீட்டுக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று நாம் சில நேரம் நினைப்பதுண்டு.

இதுவரை கதை பள்ளிக்கூடக் கதைதான். 1942இல் மாறுகிறது. ரஷ்யர்களிடமும் பொலிகார்பொவ் என்பவர் வடிவமைத்த, மரத்தாலும் துணியாலும் ஆன இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானம் ஒன்று இருந்தது. அதில் சிறிய குண்டுகளைக் கட்டி இரவில் அனுப்பினார்கள். பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு படைப்பிரிவு எஞ்சினை அடக்கி, சத்தமில்லாமல் வழுக்கி வந்து குண்டு போட்டது. ஜேர்மன் சிப்பாய்கள் அவர்களை "இரவுச் சூனியக்காரிகள்" என்றார்கள். சேதம் பெரிதல்ல. ஆனால் இரவு முழுக்க ஒருவரும் நித்திரை கொள்ள முடியாது. வேகமான போர் விமானத்தால் இதைத் துரத்துவதும் கஷ்டம். அவ்வளவு மெதுவாகப் பறந்தால் அதுவே விழுந்துவிடும்.

அடி வாங்கியவன் அடியைப் படித்துக்கொண்டான். ஜேர்மனியர் தங்கள் கோத்தா 145ஐப் பள்ளியிலிருந்து எடுத்து, துப்பாக்கியும் குண்டும் கட்டி, சிலவற்றில் ஒலிபெருக்கிகூடப் பூட்டி, இரவில் அனுப்பினார்கள். 1945இல் போர் முடியும்வரை அது நடந்தது.

ஜப்பான் இன்னும் ஒரு படி போனது. நமது மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஹேர்மிஸ் கப்பலை மூழ்கடித்த ஜப்பானியக் கடற்படை, தன் விமானிகளைப் பழக்கியது "சிவப்புத் தும்பி" என்று அழைக்கப்பட்ட இரட்டைச் சிறகு விமானத்தில். 1945 ஜூலையில் அதே தும்பி ஒன்று குண்டோடு போய் மோதி, ஒகினாவா அருகே கலகன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் நமது விமானப்படை குண்டுவீச எடுத்தது ஜெட் புரவோஸ்ட். அது பயிற்சி விமானம். திருகோணமலை சீனக்குடாவில் ஒதுக்கி வைத்திருந்ததைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1985இல் இத்தாலியிலிருந்து வாங்கிய சியாய் மார்க்கெட்டியும் பயிற்சிக்கென்று செய்யப்பட்டதுதான். வடக்குச் சனம் அதற்கு "சியாமா செட்டி" என்று பெயரே வைத்துவிட்டது. சிரிப்பான பெயர், ஆனால் அதைச் சொல்லும்போது அங்கே யாரும் சிரிப்பதில்லை.

பிறகு 2007. மார்ச் 26 இரவு புலிகள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டது ஸ்லின் 143 என்ற செக் நாட்டுச் சிறு விமானத்தில். அதுவும் பழகுவதற்கும் உலாவுவதற்குமான விமானம். இரண்டாம் உலகப் போரில் அந்த ஸ்லின் தொழிற்சாலை ஜேர்மனியரின் கையில் இருந்தபோது செய்துகொடுத்தது எதை? மேலே சொன்ன பூக்கர் கம்பனியின் பயிற்சி விமானத்தை. அடுத்த மாதம் உலகக் கிண்ண இறுதிப் போட்டி இரவு ஞாபகமிருக்கும். இலங்கை பார்படோஸில் ஆடிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரேயடியாகக் கரண்ட் போனது. அந்தச் சின்ன விமானங்களுக்காக ஒரு தலைநகரமே விளக்கை அணைத்தது.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில், இரவில் வானத்தில் சத்தம் கேட்டால் மூத்தம்மா முதலில் செய்வது குப்பி விளக்கை ஊதி அணைப்பது. "அது நம்மட பக்கம் வராது மூத்தம்மா" என்றால், "வாற மட்டும் தெரியுமா மகன்?" என்பா. என்ன விமானம், யாருடையது என்று அவவுக்குத் தெரியாது. சத்தம் தூரப் போன பிறகும் கனநேரம் பாயில் குந்திக்கொண்டிருப்பா.

கேள்வி கேட்ட மாணவனிடம் மறுநாள் இவ்வளவையும் சொன்னோம். அவன் கேட்டது ஒன்றுதான்: "அந்த விமானத்தப் பாக்க ஏலுமா சேர்?" கோத்தாவைப் பார்க்க இங்கே வழியில்லை. ஆனால் ஜெட் புரவோஸ்ட் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இம்முறை கல்விச் சுற்றுலா கொழும்புக்கு என்றால் அதையும் சேர்ப்போம். பெற்றோர் உங்கள் விருப்பத்தைக் கொமெண்டில் சொல்லுங்கள், பஸ்ஸுக்குக் கதைக்க வேண்டும்.